ஆகட்டும் சார் செய்த டயர்

அவருக்கும் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் அது ஓர் ஓரமாகக் கிடந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. டயர் தொழிற்சாலையில் கேன்டீன்காரர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘ஆகட்டும்’. நேரில் பேசும்போது மட்டும் மரியாதைக்கு ஒரு ‘சார்’ சேரும். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, அப்புறம் தனியாக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

சின்ன வயதிலேயே பிடித்த வியாதி அது. டாக்டராக வேண்டும் என்று அம்மா சொன்னபோதும் ஆகட்டும் என்றார், இன்ஜினியராக வேண்டும் என்று அப்பா சொன்னபோதும் ஆகட்டும் என்றார். அப்பாவின் குரல் கொஞ்சம் பெரிது, அதனால் இன்ஜினியரானார். பக்கத்து வீட்டுக்காரர், “ரெண்டு நாளைக்கு உங்க இடத்துல என் காரை விட்டுக்கட்டுமா?” என்று கேட்டார். அன்றிலிருந்து இவர் தன் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வீடு வந்து சேருகிறார். தம்பி வெளியூர் போய்விட்டு வரும்வரைக்கும் என்று விட்டுப் போன நாய்க்குட்டி, இவர் வீட்டு சோபாவில் கிழடு தட்டிப் படுத்திருக்கிறது. தம்பி எப்போதோ திரும்பி வந்துவிட்டான்.

இப்படிப்பட்டவர் இன்னும் கட்டிய துணியோடு நடமாடுகிறார் என்றால் அதற்கு அவர் மனைவிதான் காரணம். அந்த அம்மாள் பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகளிடமும் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும் பொழுதுக்கும் ‘முடியாது’ சொல்லிச் சொல்லி நாக்குப் பழகியவர். அந்தச் சொல்லை வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே சொல்லிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டதும் அவர்தான். இவர் ஆகட்டும் என்றார். வாழ்நாளில் சொன்ன ஆகட்டும்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

தொழிற்சாலையில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை, காற்றுப் போன பிறகும் ஓடுகிற டயர் செய்வது. சாதாரண டயரில் ஆணி குத்தினால் காற்று இறங்கும், டயர் நசுங்கும், வண்டி ஓரமாக நின்றுவிடும். இந்த வகை டயரின் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் உள்ளே கெட்டியான ரப்பரைத் தடிமனாக வைத்துத் தைத்ததுபோல் ஒட்டியிருப்பார்கள். காற்று முழுக்கப் போய்விட்டாலும் அந்தச் சுவர்களே வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். முதுகெலும்பு இருக்கிறதா இல்லையா என்று தன் சொந்த வீட்டு நாய்க்கே சந்தேகம் வரவைத்த மனிதர், டயருக்கு முதுகெலும்பு வைக்கிற வேலையில் உட்கார்ந்திருந்தார். ஆண்டவனுக்கும் பொழுது போக வேண்டாமா?

முதல் கூட்டத்திலேயே வில்லங்கம் ஆரம்பித்துவிட்டது. விற்பனைப் பிரிவின் தலைவருக்கு ‘சர்க்கரை’ என்று பெயர். பேச்சில் அப்படி ஓர் இனிப்பு. கேட்டுவிட்டு வெளியே வந்தால் கையெல்லாம் பிசுபிசுக்கும். தொழில்நுட்பப் பிரிவின் தலைவர் ‘பெரிய தலை’. பதவியாலும் அப்படி, பார்வைக்கும் அப்படி.

“சார், காத்து இல்லாதப்ப கல்லு மாதிரி நிக்கணும்,” என்றார் சர்க்கரை.

“ஆகட்டும்.”

“காத்து இருக்கறப்ப மெத்தை மாதிரி இருக்கணும்.”

கல்லையும் மெத்தையையும் ஒரே ரப்பரில் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்க வேண்டும். “ஆகட்டும்,” என்றார்.

“எடையும் ஏறக்கூடாதுய்யா,” என்று பெரிய தலை தன் பங்குக்குச் சொன்னார். “அப்புறம், காத்துப் போனதுக்கப்புறம் எண்பது கிலோமீட்டர் ஓடணும்.”

எதற்கு எண்பது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. போட்டிக் கம்பெனியின் விளம்பரத்தில் எண்பது என்று போட்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். நம் ஆள் ஆகட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. சோதனைக் கூடத்தில் ஒரு பெரிய இரும்பு உருளை உண்டு. டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டு அதன்மேல் அழுத்தி ஓடவிடுவார்கள். ஒன்றாம் எண் டயர் பேருக்குச் சுற்றிவிட்டுப் படுத்தது. இரண்டாம் எண் பக்கச் சுவர் பிய்ந்து தொங்கியது. மூன்று, நான்கு, ஐந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உயிரை விட்டது. ஆறாம் எண் சூடேறிப் புகைந்ததில் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஏன் பிய்ந்தது, எங்கே சூடேறியது என்று ஒவ்வொரு தோல்விக்கும் அவரால் காரணம் சொல்ல முடிந்தது. தோற்பதில் அவ்வளவு தெளிவு இருந்தது அவரிடம்.

ஆறாம் எண்ணோடு உருளையின் பேரிங்கும் போய்விட்டது. புதியது வாங்குவதற்கு ஒரு குழு, அந்தக் குழு சரியாக வாங்குகிறதா என்று பார்க்க இன்னொரு குழு. அவர்கள் பேசி முடிக்கிறவரை சும்மா இருக்க முடியுமா என்று பெரிய தலை ஏழாம் எண்ணை நேராகச் சாலைக்கே அனுப்பிவிட்டார். காரின் இடது பின் சக்கரத்தில் மாட்டினார்கள். வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றினார்கள். காற்றுக் குறைந்தால் மினுக்குகிற விளக்கு டிரைவரின் கண்ணை உறுத்தியதால் அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினார்கள். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எண்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து நின்றது கார். டயரில் பொட்டுக் காற்று இல்லை. பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது.

மறுநாளும் ஓடியது. அதற்கடுத்த நாளும் ஓடியது. தொழிற்சாலைக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியே இறங்கி வந்து கை குலுக்கினார். ஜன்னல் வைத்த அறையோடு துணைத் தலைவர் பதவி தருவதாகப் பேச்சு அடிபட்டது. ஆகட்டும் சார் மட்டும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். ஆறுக்கும் ஏழுக்கும் அவர் மாற்றியது ரப்பர் கலவையில் ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகை இப்படியொரு அற்புதத்தைச் செய்யும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

“ஏன் ஓடுதுன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுய்யா,” என்றார் பெரிய தலை. “மாநாட்டுல வாசிக்கணும்.”

‘எனக்கே தெரியாது சார்’ என்பது தொண்டை வரைக்கும் வந்தது. மென்று விழுங்கினார். வெப்பம் பக்கச் சுவருக்குள் தன்னைத்தானே சமன்செய்துகொள்கிறது என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பக்கம் பக்கமாக எழுதினார். எழுதி முடித்தபோது அவரே பாதி நம்பிவிட்டார். பெரிய தலை அதில் தன் பெயரை முதலில் போட்டு மாநாட்டில் வாசித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. உலகத்தில் யாருக்கும் புரியாத ஒன்று எல்லோருக்கும் பிடித்துப்போவது அப்படியொன்றும் அதிசயம் இல்லை.

நகரத்து அரசு மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் பிரிவு அதைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியது. தங்கள் வண்டிகள் எல்லாவற்றுக்கும் இந்த டயர் வேண்டும். ஆனால் தங்கள் அதிகாரி வண்டியில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எதுவும். சர்க்கரைக்கு உடனே ஒரு யோசனை பிறந்தது.

“கண்டுபிடிச்சவரே ஓட்டறாரு, அவரோட மனைவியே பின்னாடி உக்காந்திருக்காங்க! காத்தில்லாத டயரு! எப்படி இருக்கும் பாருங்க! கேமராவெல்லாம் சொல்லியாச்சு. என்ன சார், சரிதானே?”

“ஆகட்டும்,” என்றார் அவர்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், மனசு கேட்காமல், வழக்கமான சோதனை ஓட்டத்தில் தானும் ஏறிக்கொண்டார். காற்றில்லாத சுவர் ஓடும்போது என்ன சத்தம் போடுகிறது என்று காதால் கேட்க வேண்டும்போல் இருந்தது. கார் அலுவலகக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தது. வாசலில் காற்று மாமா கை காட்டி நிறுத்தினார்.

காற்று மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய முதலாளியின் காலத்தில், இந்தத் தொழிற்சாலையின் அதிகாரி ஒருவரே நசுங்கிப்போன டயரோடு வாசலைத் தாண்டியதை யாரோ படம் பிடித்து, அது செய்தித்தாளில் வந்து மானம் போய்விட்டது. அன்றைக்கே ஓர் உத்தரவு: டயர் கம்பெனியின் வாசலை விட்டு எந்த வண்டியும் காற்றுக் குறைவாக வெளியே போகக்கூடாது. அந்த உத்தரவைக் காப்பாற்றத்தான் வாசலோரம் ஒரு கம்பிரசர், ஒரு நீளக் குழாய், ஒரு மாமா. தோட்டக்காரரின் தள்ளுவண்டியைக்கூட அவர் சும்மா விட்டதில்லை.

மாமா குழாயை இழுத்துக்கொண்டு இடது பின் சக்கரத்தருகே குந்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஊசியை எடுத்து வால்வுக்குள் முறுக்கினார். குழாயைப் பொருத்தினார். உஸ்ஸென்று சத்தம் கேட்டது.

ஆகட்டும் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார்.

“அண்ணே, என்ன பண்றீங்க?”

“காத்து அடிக்கறேன் சார். கேஜ் வச்சா முள்ளு அசையவே மாட்டேங்குது. உள்ள ஊசிகூட இல்ல. உங்க ஆளுங்க யாரோ வெளையாட்டுத்தனமா தெனம் கழட்டிப் போட்டுடறாங்க. நானும் தெனம் புதுசு மாட்டித்தான் அனுப்பறேன்.”

“தெனமுமா?”

“ஒருநாள்கூட விட்டதில்ல சார்.” சொல்லும்போது மாமாவின் நெஞ்சு நிமிர்ந்தது.

ஆகட்டும் சார் டிரைவர் பக்கம் திரும்பினார். அந்த மனிதர் எந்தக் கள்ளமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“அதுவும் டெஸ்டுல ஒரு பாகம்னு நெனச்சேன் சார். காத்தை எடுக்கறீங்க, அப்புறம் அடிக்கறீங்க, டயரு அதைத் தாங்குதான்னு பாக்கறீங்கபோலன்னு.”

“திரும்பி வரும்போது காத்தில்லாமத்தானேய்யா வந்துச்சு?”

“ஆமா சார். வாசலுக்கு வெளிய ஓரங்கட்டி நான்தான் எறக்கிடுவேன். ஊசியையும் கழட்டிடுவேன். குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படித்தானே திருப்பிக் குடுக்கணும்? நம்மகிட்ட அந்த நாணயம் உண்டு சார்.”

ஒருத்தர் கடமை தவறாதவர். இன்னொருத்தர் நாணயம் தவறாதவர். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு பொய், மாநாடு வரைக்கும் போய்க் கைதட்டல் வாங்கி வந்திருந்தது. அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று ஆகட்டும் சாருக்கே தெரியவில்லை.

சோதனை ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, ஊசியை மறுபடி பிடுங்கிவிட்டு, தொழிற்சாலை மதிலுக்குள்ளேயே உள்சாலையில் வண்டியைத் தானே ஓட்டினார். வாசலைத் தாண்டினால்தானே மாமாவுக்கு வேலை? சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். இவ்வளவு வயசுக்கப்புறம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்போல என்று காவலாளிகள் பேசிக்கொண்டார்கள். முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தார். பக்கச் சுவர் கொப்புளம் கண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் கிழிந்திருக்கும்.

நேராகப் பெரிய தலையின் அறைக்குப் போனார். சர்க்கரையும் அங்கேதான் இருந்தார். ஒன்று விடாமல் சொன்னார். பெரிய தலை மேஜைமேல் கிடந்த மாநாட்டுக் கட்டுரையை எடுத்துப் புரட்டினார்.

“கட்டுரை வாசிச்சாச்சேய்யா,” என்றார். “கையும் தட்டிட்டாங்க. இப்ப போய் ஓடலன்னா எப்படி?”

“ஓடலையே சார்.”

“மெதுவாப் பேசுங்க சார்,” என்று சர்க்கரை நாற்காலியை அருகில் இழுத்தார். “இப்ப என்ன ஆயிடுச்சு? வாசல்ல காத்து அடிக்கறது நம்ம கம்பெனி வழக்கம். நாளைக்கும் வழக்கப்படி நடக்கட்டும். மேடை முன்னாடி எல்லாரும் பாக்க ஊசியைக் கழட்டுவோம். நீங்களும் வீட்டம்மாவும் வண்டியைச் சுத்திக்கிட்டு வாசலுக்கு வாங்க. அதுக்குள்ள அந்த அதிகாரியம்மாவை நான் பக்க வழியா ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு போட்டோ எடுத்துடறேன். அவங்க வெளிய ஏறிக்கட்டும். இந்த டயர்ல காத்து இருக்கா இல்லையான்னு பாத்தா தெரியாது. நாம யாருமே பொய் சொல்லல. மாமா அவரு டூட்டியைப் பாக்கறாரு.”

“அப்புறம் ஆம்புலன்ஸ்ல மாட்டுவாங்களே?”

“ஆம்புலன்ஸெல்லாம் புது ரோட்டுல ஓடுது சார். பஞ்சரே ஆகாது.”

அப்படியென்றால் இந்த டயர் எதற்கு என்ற கேள்வி ஆகட்டும் சாரின் வாய்க்குள்ளேயே சுற்றியது. பெரிய தலை எழுந்து வந்து தோளில் கை போட்டார். ஜன்னல் அறைக்குத் திரைச்சீலை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டார். வெட்கக்கேடான விஷயம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர், “ஆகட்டும் சார்,” என்றார்.

வீட்டில் டீச்சர் மறுநாளைக்கு உடுத்த வேண்டிய புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து வாழ்த்திவிட்டுப் போயிருந்தார். காரை மட்டும் எடுக்கவில்லை. ஆகட்டும் சார் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மாமாவின் ஊசிக் கதையில் டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சர்க்கரையின் யோசனையைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். டீச்சருக்குப் புரிந்துபோயிற்று.

“ஏம்மா, நீயே வந்து சொல்லிடேன். உடம்பு சரியில்ல, வர முடியாதுன்னு.”

“நான் வரலன்னா வேற யாராவது உக்காருவாங்க. ஆம்புலன்ஸ்ல எவனோ உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பானே, அவனுக்கு வழியில காத்து அடிக்க உங்க மாமா வருவாரா?” டீச்சரின் குரலில் கோபம் இருந்தது, கோபத்துக்கு அடியில் வேதனை இருந்தது. “பொய் இல்லாம சொல்லுங்க. காத்து இல்லாம அது எவ்வளவு தூரம் ஓடும்?”

“இருபத்தஞ்சு தாராளமா ஓடும். முப்பதுக்கு மேல போனா நாறும். அங்கயே நிறுத்திட்டா ஒண்ணும் ஆகாது. நிறுத்தாம ஓட்டினாத்தான் கிழியும்.”

“நிறுத்துவீங்களா?”

அவர் குனிந்து சோபாவில் கிடந்த நாயின் தலையைத் தடவினார்.

“அதிகாரி பக்கத்துல இருப்பாங்க, கேமரா இருக்கும், உங்க சர்க்கரை போன்ல உயிரை எடுப்பாரு. நிறுத்துவீங்களா?” என்று மறுபடி கேட்டார் டீச்சர். கேட்டுவிட்டு இஸ்திரியைத் தொடர்ந்தார். “நான் வரேன். வாசல்ல காத்து அடிச்சா அங்கயே எறங்கி நடந்து வீட்டுக்கு வந்துடுவேன். அடிக்கலன்னா உங்களோடயே வரேன். மத்ததை நீங்க பாத்துக்கங்க. உங்களுக்கும் சேத்து நானே முடியாது முடியாதுன்னு சொல்லி எனக்கும் அலுத்துப்போச்சுங்க.”

மறுநாள் மேடை, நாற்காலி, மைக் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. சர்க்கரை வாய் கிழியப் பேசினார். கொப்புளம் கண்டதைக் கழற்றிவிட்டு ஏழாம் எண்ணிலேயே இன்னொரு புது டயரைக் காரில் மாட்டியிருந்தார்கள்; முதலாளி தன் கையாலேயே அதன் ஊசியைக் கழற்றினார். காற்று உஸ்ஸென்று போனதற்கே ஒரு கைதட்டல் விழுந்தது. கார் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தது. மாமா இன்றைக்குப் புது உடுப்பில், குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். வந்து குந்தினார். பையில் கை விட்டார்.

பின் சீட்டில் டீச்சர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையைக் கதவுப் பிடியில் வைத்தார்.

ஆகட்டும் சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “அண்ணே, வேண்டாம்.”

“ரெண்டே நிமிஷம் சார்.”

“வேண்டாம்னு சொல்றேன்.”

“ரூல் சார். காத்தில்லாம இந்த வாசலைத் தாண்ட விட்டா என் வேலை போயிடும்.”

நியாயமான பேச்சு. எப்போதும்போல் இவர் வாய் ‘ஆ’ என்று திறந்தும்விட்டது. அங்கேயே நின்றது. முகமெல்லாம் வியர்த்தது. அப்புறம் எங்கிருந்தோ, கரகரவென்று, அவருடையதுதானா என்று சந்தேகப்படும்படியான ஒரு குரல் வந்தது.

“முடியாது! அடிக்க விடமாட்டேன். உங்க வேலைக்கு நான் பொறுப்பு. நகருங்க அண்ணே!”

மாமாவின் கையிலிருந்த குழாய் கீழே விழுந்து பாம்பு மாதிரி நெளிந்தது. டீச்சர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

வெளியே சாலையில் ஆம்புலன்ஸ் அதிகாரி ஏறிக்கொண்டார். குட்டை முடியும் கனமான கண்ணாடியுமாக, போட்டோ எடுத்துக்கொண்ட எரிச்சல் முகத்தில் இன்னும் ஒட்டியிருந்த அம்மாள் அவர். கேமரா வண்டியில் சர்க்கரை முன்னால் போனார். இருபத்தைந்து கிலோமீட்டர் வரைக்கும் சொகுசாகவே போயிற்று; அதிகாரிகூட ஒருமுறை, “பரவாயில்லையே,” என்றார். முப்பதைத் தொடும்போது வந்தது அந்த நாற்றம். அதிகாரி மூக்கைச் சுருக்கினார். ஆகட்டும் சாரின் போன் அடித்தது.

“ஏன் சார் வேகம் கொறையுது?” என்றது சர்க்கரையின் குரல். “அங்க மேடைகிட்ட முதலாளியே காத்துக்கிட்டு நிப்பாரு. அமுக்குங்க சார், அமுக்குங்க!”

போனை அணைத்தார். சிக்னல் போட்டு, வேகத்தை இன்னும் குறைத்து, சாலையோரம் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

“என்ன ஆச்சு?” என்று கேட்டார் அதிகாரி.

“டயர் முடிஞ்சுபோச்சு மேடம். இதுக்கு மேல ஓடாது.”

கேமரா வண்டி திரும்பி வந்தது. சர்க்கரை ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். “மேடம், ஒண்ணும் இல்ல, சாருக்கு டிரைவிங் அவ்வளவா பழக்கம் இல்ல. எண்பது கிலோமீட்டருக்கு நாங்க கேரண்டி. வேற வண்டி வருது, இன்னொரு தடவை பாத்துடலாம்…”

அதிகாரி அவரைப் பார்க்கவே இல்லை. ஆகட்டும் சாரைப் பார்த்தார். “இவர் சொல்றது சரியா?”

ஜன்னல் அறை, முதலாளியின் கை குலுக்கல், மாநாட்டுக் கைதட்டல் எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தன. தலையை லேசாக ஆட்டினால் போதும், எல்லாம் கிடைத்துவிடும்.

“இல்ல மேடம்,” என்றார். அப்புறம் வாசலில் தினம் தினம் நடந்ததை மரத்தடியில் நின்றபடியே சொன்னார். கேமராக்காரர் பிடித்துக்கொண்டிருந்தார்; நிறுத்தச் சொல்ல சர்க்கரைக்கே தோன்றவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நெசமா எவ்வளவு தூரம் நம்பலாம்?”

“இருபத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு அடிகூட சொல்ல மாட்டேன்.”

“எங்க ஊர்ல எந்த மூலையிலேருந்து வந்தாலும் மருத்துவமனை இருபது கிலோமீட்டருக்குள்ளதான். எண்பது வேணும்னு உங்ககிட்ட யார் கேட்டது?”

சர்க்கரை ஆகட்டும் சாரைப் பார்த்தார். ஆகட்டும் சார் சர்க்கரையைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

அதிகாரி பின் சீட்டுப் பக்கம் குனிந்தார். “நீங்களும் தெரிஞ்சுதான் உக்காந்திருந்தீங்களாம்மா? பயமா இல்லையா?”

“டயரைப் பத்தி பயம் இல்ல மேடம்,” என்றார் டீச்சர். “இவர் நிறுத்துவாரான்னு பாக்கத்தான் வந்தேன்.” சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவரை டீச்சர் அழுது ஆகட்டும் சார் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் பிரிவு தங்கள் மைதானத்திலேயே டயரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இருபத்தைந்து கிலோமீட்டர் போதும் என்று வாங்கிக்கொண்டது. வாடிக்கையாளரிடம் உண்மையாக நடந்துகொண்டதற்காகச் சர்க்கரைக்குத் துணைத் தலைவர் பதவி கிடைத்தது. ஜன்னல் அறையும் அவருக்கே. அவசர ஊர்திகளுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்தான் மிகச் சிறந்த அளவு என்று பெரிய தலை புதுக் கட்டுரை ஒன்று வாசித்தார், அதற்கும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சோதனை வண்டிகளைத் தொடக்கூடாது என்று மாமாவுக்கு உத்தரவு வந்தது. தன் கடமையில் கை வைத்ததற்காக மாமா ஆகட்டும் சாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆகட்டும் சார் அதே பழைய நாற்காலியில் எட்டாம் எண்ணைச் செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர். டயரோடு வந்த சீட்டில் இந்த நம்பர் இருந்ததாம்.

“சார், பின் டயரு போச்சு. சாலை வேலை நடக்கற எடத்துல கம்பி குத்திடுச்சு. நிறுத்தாம வந்துட்டேன். இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன். டயரை என்ன பண்றது?”

“எவ்வளவு தூரம் வந்தீங்க? வேகம் என்ன? சுவர்ல கொப்புளம் இருக்கா? தொட்டுப் பாருங்க, சூடு எப்படி?” என்று அடுக்கிக்கொண்டே போனார் அவர், பேனாவைத் தேடியபடி. டிரைவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்து, போனை வைக்கப் போகும்போதுதான் அவருக்கு உறைத்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

“உள்ள… உள்ள யாராவது இருந்தாங்களா?”

“ஒரு பெரியவர் சார். நெஞ்சுவலி. இன்னும் அஞ்சு நிமிஷம் லேட்டாகியிருந்தா போயிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“இப்பவா? நர்ஸைத் திட்டிக்கிட்டு இருக்காரு சார். இங்க வரைக்கும் கேக்குது.”

ஆகட்டும் சார் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. போனைக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோங்கள், அந்தத் திட்டை நானும் கேட்க வேண்டும் என்று டிரைவரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.